நாற்பத்தொன்றாம் குழாய்

ஃபேரர் பார்க்,
சிங்கப்பூர்.
12.6.1988

அன்புள்ள லீலா,

நலம். உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்கு வேலை காரணமில்லை.

தஞ்சோங் பகாருக்கு இப்போது ரயிலிலேயே போகலாம். நாத்தனார் பிலோமினம்மாள் அங்கேதான் இருக்கிறார். போன வாரம் தம்பி அருளானந்தத்துக்காக ஆறாம் ஆண்டுப் பூசை வைத்தார். எனக்கு நம்பிக்கை இல்லை என்று அவருக்குத் தெரியும். பூ மட்டும் வாங்கி வரச் சொன்னார். போனேன்.

எங்கள் ஆய்வகச் சேமிப்பிலிருந்து நான் அனுப்பிய பன்னிரண்டு ஈஸ்ட் காளான்களில் நாற்பத்தொன்றாம் எண் குழாய் உன் ஆய்வுக்கு ஆகாது என்று எழுதியிருந்தாய். இரத்தச் சீரத்தில் வைத்தால் மூன்று மணி நேரத்தில் முளைவிட வேண்டியது, விடவில்லை, எலிகளையும் கொல்லவில்லை. ஓயாமல் புதுக் குழாய்க்கு மாற்றினால் இப்படிச் சாதுவாகிவிடும், யாரோ இதற்கு அளவு மீறிச் செல்லம் கொடுத்திருக்கிறார்கள் என்று கேலியும் செய்திருந்தாய்.

அது நான்தான். மற்றவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவேன். இதை மட்டும் திங்கட்கிழமைதோறும், ஆறு வருடமாக. வேறு யாரையும் தொட விட்டதில்லை.

அது அருளானந்தத்தின் இரத்தத்தில் வளர்ந்தது.

அவருக்கு இரத்தப் புற்றுநோய் என்று எழுதினேன். கடைசியில் கொண்டுபோனது எது என்று எழுதவில்லை. இரத்த மாதிரி என் மேசைக்குத்தான் வந்தது. அதில் காளான் முளைவிட்டதை நானே பார்த்து, அறிக்கையில் நானே கையெழுத்திட்டேன். வார்டுக்குப் போய் அவரிடம் சொன்னபோது, “எல்லாம் உன் ஆளுங்கதானே லா, கொஞ்சம் சொல்லி வையேன்” என்று சிரித்தார். அதன் பிறகு ஒன்பது நாள் இருந்தார்.

ஏன் அதை வளர்த்தேன் என்று கேட்காதே. அவரைத் தின்று வளர்ந்ததுதான். ஆனால் எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை; அவரிடமிருந்து வந்ததில் உயிரோடு இருந்தது அது ஒன்றே. அதையும் வேறொன்றாக ஆக்கிவிட்டேன்.

முதல் நாளே உறைய வைத்த குழாய் உண்டா என்று கேட்டிருக்கிறாய். ஒன்று இருக்கிறது. திறந்ததே இல்லை. பாதியை எடுத்து வைத்துக்கொள்ளலாம்தான். திறந்தால் மறுபடி திங்கட்கிழமைகள் தொடங்கிவிடும். என்னை எனக்குத் தெரியும். முழுவதையும் உலர்பனியில் வைத்து வியாழக்கிழமை அனுப்புகிறேன். சாங்கி விமான நிலையச் சரக்குப் பிரிவில் அருளானந்தத்தோடு வேலை செய்த அஸ்மத் விமானத்தில் ஏற்றிவிடுவார். உள்ளே என்ன என்று அவரிடம் சொல்லவில்லை.

முளைவிட வைப்பது என்று நீ தேடும் மரபணு இதில் இரண்டு பிரதிகளாக இருக்கிறது, ஒன்றை நீக்கினால் மற்றது வேலை செய்யும் என்றாயே. இரண்டையும் நீக்கு. அதற்குப் பிறகும் முளைவிட்டால் காரணம் அந்த மரபணு இல்லை. அதையும் ஒளிக்காமல் எழுது. ஆறுதல் மட்டும் எழுதாதே.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எல்லாம் முடிந்து கடைசிக் குழாயை ஆட்டோகிளேவில் போட்டு நீராவியில் அழிக்கும் தேதியை முன்கூட்டியே தெரிவி. அன்று ஒரு பூசை வைக்கும்படி பிலோமினம்மாளிடம் சொல்வேன். காரணம் சொல்ல மாட்டேன். அவரும் கேட்க மாட்டார்.

உன் கை நிதானமாக இருக்கட்டும்.

அன்புடன்,
ஜோன்