முதல் வெட்டு

ஐப்பசி, வெள்ளிக்கிழமை

கிரேக்க வரலாறு படிப்பிக்கும்போது காட்டவென்று வாங்கிய வாள் மொட்டையாகவே வந்தது. தீட்டித் தரச் சொல்லிப் பட்டறைக்குப் போனேன். "வாளைத் தீட்டினா பொலிஸ் என்னைத்தான் பிடிக்கும், ரீச்சர். கத்தி எண்டாக் கொண்டுவாங்கோ," என்றார் பட்டறைக்காரர். வந்த கோபத்தில் கிணற்றடிக் கல்லில் பின்னேரம் முழுக்க நானே தீட்டினேன்.

பிள்ளைகளுக்குக் காட்ட மொட்டை வாளே போதும். ஆனால் குசினியில் ஒரு பூசணிக்காய் மூன்று வாரமாகக் கிடக்கிறது. முழுப் பூசணிக்குப் பெண் முதல் வெட்டு வைக்கக்கூடாதாம். என் கணவர் உயிரோடு இருந்தவரை அவர்தான் வெட்டித் தந்தார். இதற்காகப் பக்கத்து வீட்டு ஆம்பிளையைக் கூப்பிட எனக்கு மனமில்லை.

வாளால் போட்ட ஒரே வெட்டில் பூசணி இரண்டாகப் பிளந்தது. "இந்தாரும், இனி உம்மட பாடு" என்று அவர் வழக்கமாகச் சொல்வதை நானே சொன்னேன். பதிலுக்கு "ஓம்" சொல்லவும் நான்தான் இருந்தேன்.