எந்த அடுப்பில் காய்ச்சியது

ஜெயமங்கலம்
24.3.2025

அன்புத் தங்கச்சி பவானிக்கு, அண்ணன் தங்கப்பாண்டியன் எழுதுவது.

இங்கே நானும் உன் மதினியும் மாடுகளும் சுகம். சுருளிப்பட்டியில் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க முடியாதபடி போனில் என் நம்பரை அடைத்துவிட்டாய். அதனால் தபாலில் வருகிறேன். கடிதத்தைக் கிழித்துப் போடலாம்தான். ஆனாலும் கிழிப்பதற்கு முன்னால் கண் ஒரு தடவை அதன் மேல் ஓடிவிடும் அல்லவா?

உத்தமபாளையத்தில் மாப்பிள்ளை விஜயகுமாரைப் பார்த்தேன். நம் சுபாஸ்ரீக்கு அம்மை போட்டிருப்பதாகச் சொன்னார். அது சிவராத்திரிப் பொங்கலால் வந்த சாமி குத்தம் என்று உன் மாமியார் சங்கிலியம்மாள் அத்தை நினைப்பதையும் சொன்னார். சொல்லிவிட்டு, வாங்கி வைத்த டீயைத் தொடாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஊரில் இந்தக் கதை ஆளுக்கு ஒரு மாதிரி ஓடுகிறது. நடந்தது இவ்வளவுதானே? உங்கள் வீட்டுக் குலசாமி எங்கள் ஊரில் இருப்பதால் சிவராத்திரிக்கு எல்லாரும் நம் வீட்டில் வந்து தங்கினீர்கள். காலம் தவறிய மழை கொட்டியது. கோயில் வாசலில் விறகு பற்றவில்லை. பானையை வீட்டுக்குக் கொண்டுவந்து நம் சாணித் தொட்டியின் கோபர் கேஸ் அடுப்பில் பொங்கினாய். சாமிக்குப் படைத்து, எல்லாரும் சாப்பிட்டும் ஆயிற்று. அத்தைகூட இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார்கள். அப்போதுதான் கொத்தனார் ஒச்சாண்டி, இலையை வழித்துக்கொண்டே, "கக்கூஸ் லைனையும் சேத்துவிட்ட பெறகு தீ நல்லா நின்னு எரியுதாண்ணே?" என்று கேட்டுத் தொலைத்தான். மீதிப் பொங்கல் பானையோடு வராக நதிக்குப் போனது.

ஒன்று யோசித்துப் பார். இரண்டு மாடுகளை விற்ற பிறகு தொட்டிக்குச் சாணி பற்றவில்லை. செப்டிக் டேங்க்கோ கிணற்றுக்குள் கசிந்து தண்ணீர் நாறியது. ஒரு குழாயைத் திருப்பிவிட்டதில் இரண்டுக்கும் வழி பிறந்தது. மூடிய தொட்டிக்குள் மண்ணுக்கடியில் புளித்து மேலே வருவது வெறும் வாயு. பானையைத் தொடுவது தீ மட்டும்தான். மாட்டு வயிற்றிலிருந்து வந்தால் சாமி ஏற்றுக்கொள்ளும், மனுசன் வயிற்றிலிருந்து வந்தால் கோபித்துக்கொள்ளும் என்றால், சாமிக்கு நம்மைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இல்லை என்றுதான் அர்த்தம்.

பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் ஒரு எட்டு வந்து பார்க்கட்டுமா? வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

உன் அண்ணன்
தங்கப்பாண்டியன்

---

சுருளிப்பட்டி
7.4.2025

அண்ணனுக்கு,

சுபாவுக்கு வேப்பிலைத் தண்ணீர் ஊற்றியாயிற்று. முகத்தில் இரண்டு தழும்பு இருக்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறாள். நீ வர வேண்டாம்.

எனக்குப் பாடம் எடுக்காதே. அம்மைக்கும் உன் அடுப்புக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் வேலை பார்க்கும் அங்கன்வாடியில் பாதிப் பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருந்தது. அவர்கள் யாரும் உன் வீட்டில் பொங்கல் சாப்பிடவில்லை. இதை அத்தையிடமும் சொல்லிப் பார்த்தேன். அவர்கள் கேட்கிற நிலையில் இல்லை.

நடந்ததை வரிசையாக எழுதியிருக்கிறாய். ஒன்றை மட்டும் விட்டுவிட்டாய். நான் நனைந்துகொண்டே பானையோடு உள்ளே வந்தபோது, "இங்கன வையி தாயி" என்று சொன்னது யார்? குழாயைத் திறந்து தீக்குச்சியை உரசியது யார்? பால் பொங்கி வழிந்தபோது என்னோடு சேர்ந்து குலவை போட்ட மதினிக்கு அருகில் சிரித்துக்கொண்டு நின்றது யார்? உனக்கு வாய் இருந்தது. நேரமும் இருந்தது.

ஆவணியில் சுபாவுக்குக் காது குத்துகிறோம், அதே குலசாமி கோயிலில். கம்பத்தில் இருக்கும் சித்தப்பா மகன் கார்த்திக்ராஜ் மடியில் வைத்துக் குத்துவதாக அத்தை முடிவு செய்துவிட்டார்கள். அவனும் எனக்கு அண்ணன் முறைதானே என்கிறார்கள். முறை சரிதான்.

பவானி

---

ஜெயமங்கலம்
12.5.2025

அன்புள்ள பவானிக்கு,

உன் கடிதம் வந்து இத்தனை நாளாகப் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கோபம்தான். உன் மேல் பாதி, அந்தக் கார்த்திக்ராஜ் மேல் மீதி. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையில் செல்போனை நோண்டுவான், பார்த்துக்கொண்டே இரு. ஆசாரி ஊசியை எடுக்கும்போது பிள்ளைத் தலையை அசையாமல் பிடிக்க வேண்டும் என்பதாவது அவனுக்குத் தெரியுமா? உன் காதைக் குத்தியபோது நம் மாமனை நீ கடித்து வைத்தாய். அவர் கையை எடுக்கவில்லை.

ஒரு சேதி. கக்கூஸ் குழாயை வெட்டிவிட்டேன். ஒச்சாண்டியை வரச் சொன்னால் வெட்கப்பட்டுக்கொண்டு வரவில்லை. நானே வெட்டி அடைத்தேன். இப்போது தொட்டிக்குள் மாட்டுச் சாணி மட்டும்தான். பற்றாததற்கு, தார் வெட்டிய வாழை மரங்களைத் துண்டு போட்டுத் தள்ளினேன். அதுதான் தப்பாகப் போயிற்று. நார் எல்லாம் மிதந்து மேலே ஆடை மாதிரி கட்டிக்கொண்டது. கேஸ் அடியிலேயே நின்றுவிட்டது. கம்பை விட்டுக் குத்திக் கலக்கி, ஒரு நாள் முழுக்க அந்த வேலைதான். இப்போது ஒரு சோறு வேகும் அளவுக்குத் தீ வருகிறது. குழம்புக்கு உன் மதினி சிலிண்டரைத் திருகுகிறாள். திருகும்போதெல்லாம் என்னைப் பார்க்கிறாள்.

தீக்குச்சியைப் பற்றிக் கேட்டிருந்தாய். நான்தான் உரசினேன். மழையில் எல்லாரும் நடுங்கிக்கொண்டு நின்றபோது சொல்லி, நல்ல காரியத்தைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்தேன். இது பாதி நிசம். மீதியையும் எழுதிவிடுகிறேன். அத்தை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டு, "பொங்கல் மணமா இருக்குப்பா" என்று சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லையே என்று மனதுக்குள் ஜெயித்துக்கொண்டு நின்றேன்.

குழாய்தான் இல்லையே, இனி மடியை மாற்ற வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லிப் பார்.

அண்ணன்
தங்கப்பாண்டியன்

---

சுருளிப்பட்டி
9.6.2025

அண்ணனுக்கு,

குழாயை யார் வெட்டச் சொன்னது? நான் சொன்னேனா? கக்கூஸ் தண்ணீர் இப்போது எங்கே போகிறது? பழைய செப்டிக் டேங்க்குக்குத்தானே? மழை பிடித்தால் மறுபடியும் கிணற்றுக்குள் இறங்கும். அந்தத் தண்ணீரைக் குடிக்கப்போவது மதினி. ஒரு நல்ல வேலையைச் செய்து ஒளித்து வைத்தாய். இப்போது அந்த நல்ல வேலையையும் கெடுத்துவிட்டு என்னிடம் பேர் வாங்கப் பார்க்கிறாய்.

உனக்கு இன்னும் புரியவில்லை என்பதால் விளக்கமாக எழுதுகிறேன். நீ என்னிடம் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அந்த அடுப்பிலேயே வைத்திருக்கலாம். கூசிப்போய்ப் பக்கத்து வீட்டு அடுப்பைக் கேட்டிருக்கலாம். மழை விடட்டும் என்று உட்கார்ந்திருக்கலாம். எதுவானாலும் அது நான் முடிவு செய்ய வேண்டியது. என் பானை, என் பிள்ளைக்காக வைத்த பொங்கல். அதை உன் பரீட்சைக்கு எடுத்துக்கொண்டாய். ஜெயித்துக்கொண்டு நின்றேன் என்று எழுதியிருக்கிறாயே, தோற்றது யார் என்று நினைத்தாயா?

அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் தண்ணீர் மொண்டு கொடுத்தால்கூட அத்தை ஒரு தடவை செம்பைப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார்கள். "அண்ணனும் தங்கச்சியும் சேந்துதான பண்ணியிருப்பாக" என்று வந்தவர்களிடம் சொன்னார்கள். எனக்குத் தெரியாது என்று சத்தியம் செய்தேன். நம்பவில்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். எந்த அண்ணன் தங்கச்சியிடம் சொல்லாமல் இப்படிச் செய்வான்?

அப்பா அம்மா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று இருப்பது நீ ஒருவன்தான். உன் வீட்டில் எதையும் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும் என்று ஆகிவிட்டது. அதுதான் எனக்கு வலிக்கிறது. அத்தையிடம் நான் எதுவும் பேசப்போவதில்லை.

பவானி

---

ஜெயமங்கலம்
28.7.2025

அன்புள்ள பவானிக்கு,

உன் கடிதத்தை மதினியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "என்கிட்டயும் நீங்க பைப்பு போட்ட பெறகுதான சொன்னீக" என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டீர்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

குழாயை மறுபடி சேர்த்துவிட்டேன். இந்த முறை ஒச்சாண்டியை வீட்டுக்கே போய்க் கூட்டிவந்தேன். உண்மையைச் சொன்னதற்காகவா நீ ஒளிந்துகொள்கிறாய் என்று கேட்டேன். தீ பழையபடி நீலமாக நின்று எரிகிறது. தொட்டியிலிருந்து வெளியே வரும் ஸ்லரி என்ற கழிவுக் கரைசலை வாழைக்கு மட்டும் பாய்ச்சுகிறேன், கீரைப் பாத்திக்கு விடுவதில்லை.

இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். கரண்டு பில் எடுக்க வந்த பையன் கேட்டுவிட்டு, "சூடா இருந்தாச் சரிண்ணே" என்று டீயைக் குடித்தான். வாழைக்காய் வியாபாரி பால்பாண்டி தண்ணீர் மட்டும் போதும் என்றார். அதையும் குடிக்காமல் கையில் வைத்திருந்து, பேசி முடித்ததும் செவ்வந்திச் செடிக்கு ஊற்றினார். பக்கத்து வீட்டு அபிதா என்னைத் தொட்டி வரைக்கும் கூட்டிப்போய் எல்லாவற்றையும் காட்டச் சொல்லி, அவர்கள் வீட்டுக்கும் ஒன்று கட்டலாமா என்று கேட்டாள். அவள் மாமியார் அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. முதல் நாள் சொல்ல வாய் கூசியது. பிறகு பழகிவிட்டது. குடிக்காமல் போகிறவர்கள் மேலும் கோபம் வரவில்லை. சொன்னால் வேண்டாம் என்றுவிடுவார்களோ என்ற பயத்தில்தான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றேன். வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

மடியைப் பற்றி இனிக் கேட்க மாட்டேன். சுபாவுக்குத் தோடு செய்து வைத்திருக்கிறேன். கார்த்திக்ராஜிடம் கொடுத்தனுப்புகிறேன். யார் மடியில் உட்கார்ந்தாலும் தோடு இதுவாக இருக்கட்டும். தலையை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும் என்று மட்டும் அவனிடம் சொல்லிவை.

அண்ணன்
தங்கப்பாண்டியன்

---

சுருளிப்பட்டி
16.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு, பவானி எழுதுவது.

தோட்டை யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம். நீயே கொண்டு வா.

உன் கடைசிக் கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன், தொட்டி, ஸ்லரி எல்லாவற்றோடும். பால்பாண்டி செவ்வந்திச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிய இடத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். பிறகு, "ஒனக்குத் தெரியாதுன்னு நீ சொன்னது நெசந்தானாடி?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். மாமன் இருக்கும்போது வேறு மடி வேண்டாம் என்று அப்போதுதான் சொன்னேன். "ஓம் பாடு, ஒங்கண்ணன் பாடு" என்று எழுந்து போனார்கள். இவ்வளவுக்கு மேல் அவர்களிடம் எதிர்பார்க்காதே. கார்த்திக்ராஜிடம் நானே பேசிவிட்டேன். அவனுக்கும் நிம்மதிதான்.

ஆவணி வளர்பிறை வெள்ளிக்கிழமை காலையில், கோயில் வாசலில். பொங்கல் விறகு அடுப்பில்தான். அது அத்தைக்காக, அதில் எனக்கு வருத்தம் இல்லை. மழை வந்தால் விடுகிற வரைக்கும் உட்கார்ந்திருப்போம்.

நீ வரும்போது ஒரு தூக்குவாளி நிறையப் பால் கொண்டு வா, உன் அடுப்பில் காய்ச்சி. சபையில் எல்லாரும் உட்கார்ந்த பிறகு, ஒரு சொட்டு ஊற்றுவதற்கு முன்னால், எந்த அடுப்பில் காய்ச்சியது, அந்த அடுப்புக்கு எங்கிருந்தெல்லாம் குழாய் வருகிறது என்று நீயே எழுந்து நின்று சொல்ல வேண்டும். முணுமுணுக்கக் கூடாது. அத்தை காதில் விழ வேண்டும். பவானிக்கு அன்றைக்கு இது தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சொன்ன பிறகு குடிக்கிறவர்கள் குடிக்கட்டும், எழுந்து போகிறவர்கள் போகட்டும். யாரையும் வற்புறுத்தாதே.

முதல் டம்ளரை என்னிடம் கொடு.

உன் தங்கச்சி
பவானி