ஆறாவது பட்டன்

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். வாங்கியவை: பட்டன் ஆறு, சின்ன ஸ்பீக்கர், அதன் சத்தத்தைக் கூட்ட ஆம்ப். கையகல கம்ப்யூட்டர் போர்டு ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை அமுதாவுக்கு ஆபரேஷன். குரல்வளையை எடுத்துவிடுவார்களாம். அப்புறம் பேச்சு கிடையாது. பட்டனை அழுத்தினால் அவள் குரலிலேயே பேசுகிற பெட்டி ஒன்று செய்யப் போகிறேன். பம்ப் கம்பெனியில் மோட்டார் டெஸ்ட் செய்பவனுக்கு இது புது வேலை. எனக்குப் பயமாக இருக்கிறது, பெட்டியை நினைத்து அல்ல.

போனில் பதிந்தது:
1. ஏனுங்க, இங்க வாங்க.
2. தண்ணி வேணுங்க.
3. வலிக்குதுங்க.
4. கதவத் தட்டறாங்க, பாருங்க.
5. அந்த டிவி சத்தத்தக் கொறைங்க.

ஆறாவதுக்கு என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டாள். "இத இப்பக் கேக்கக் கூடாதுங்க. என்னிக்கு நானே அமுத்தறனோ, அன்னிக்குக் கேளுங்க." கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் பேச்சை நான் மீறியதில்லை. மீறி ஜெயித்ததும் இல்லை.

செப். 14, ஞாயிறு

வெயில். ஆஸ்பத்திரியில் அவள் தங்கை துணை. நான் துணி துவைக்க வந்தேன். துணி ஊறுகிறது, நான் போர்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஸ்பீக்கர் ஊமை. வயர் மாற்றிப் பார்த்தாயிற்று. சோல்டர் மறுபடி வைத்தாயிற்று. ஒரு 'கிர்' கூட இல்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனதும் அமுதா சிலேட்டில் எழுதிக் காட்டினாள்: "பெட்டி ஆச்சா?" பாதி ஆச்சு என்றேன். பொய்.

செப். 21, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்! மூன்றாவது பட்டனின் வயரைப் போர்டில் 18ஆம் நம்பர் பின்னில் கொடுத்திருந்தேன். ஆம்ப்புக்கும் அதே 18 வேண்டும். ஒரே சீட்டில் இரண்டு பேருக்கு ரிசர்வேஷன். பட்டனை 23க்கு மாற்றினேன். கான்ஃபிக் ஃபைலில் போர்டின் சொந்த ஆடியோவை அணைத்து, ஆம்ப்பைச் சேர்த்தேன். ரீபூட்.

"ஏனுங்க, இங்க வாங்க."

"வாரேன் அம்மணி" என்றேன், ஆளில்லாத வீட்டில்.

ஐந்தையும் சோதித்தேன். ஆறாவதைத் தொடவில்லை.

செப். 24, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டாள். ரசம் சாதம், கரைத்து.

பெருமையாக முதல் பட்டனை அழுத்திக் காட்டினேன். அவள் முகம் போன போக்கு. பெட்டியை எடுத்து அலமாரியில், சுவரைப் பார்த்தாற்போல் வைத்தாள். சிலேட்டில்: "அது நானில்ல."

தப்பு என்னுடையது. அழுத்துமுன் அவளைக் கேட்டிருக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்க மட்டும் மனம் வரவில்லை.

அக். 1, புதன். ஆயுத பூஜை

மேகமூட்டம். சந்தனம், குங்குமம், பொரி, கடலை. எப்போதும்போல் அவளேதான் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள்: மிக்ஸி, தையல் மெஷின், என் மல்டிமீட்டர், ஸ்பேனர், ஸ்கூட்டர். குளித்து வந்து பார்த்தால் வரிசைக் கடைசியில் பெட்டி. சுவரைப் பார்த்தல்ல, நேராக. அதற்கும் பொட்டு.

சாமி கும்பிட்டு முடிப்பதற்குள், "ஏனுங்க, இங்க வாங்க. ஏனுங்க, இங்க வாங்க."

தாராளமாக அப்பிய சந்தனம் முதல் பட்டனின் சந்துக்குள் இறங்கிக் காய்ந்து, பட்டன் அமுங்கியபடியே நின்றுவிட்டது. அமுங்கியிருக்கும்வரை சொல்லிக்கொண்டே இருக்கும்படி எழுதிய புத்திசாலி நான். எதிர்வீட்டு அக்கா வாசலுக்கு வந்து, "அமுதா, பேச்சு வந்துருச்சா கண்ணு?" என்று கேட்டார்.

அமுதா சிரித்தாள். சத்தம் இல்லை. ஆபரேஷனில் போட்ட கழுத்துத் துளையில் காற்று மட்டும் புஸ் புஸ்ஸென்று. தோள் குலுங்கி, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஒரு மாதம் கழித்து இன்றுதான்.

ஸ்குரூ டிரைவர் எடுத்துப் பெட்டியைத் திறந்தேன். சந்தனத்தைச் சுரண்டி எடுக்க அரைமணி நேரம். சரியாகிவிட்டது. அப்படியே உள்ளே தளர்ந்திருந்த ஒரு வயரையும் பார்த்துவிடலாமென்று குனிந்தேன்.

என் கைக்கு மேலாக அவள் விரல் வந்தது. ஆறாவது பட்டன்.

"நோண்டுனது போதுமுங்க. சோறு ஆறுது, வாங்க."

போனேன். ஆறித்தான் போயிருந்தது.