உழாத மண்ணின்மேல் விழுந்த பழி

அனுப்புநர்:
கடைமடை மக்காச்சோள நிலத்தின் உரிமையாளர்

பெறுநர்:
வேளாண்மை அலுவலர்,
வட்டார வேளாண்மை அலுவலகம்

பொருள்: உழவில்லா வேளாண்மைச் செயல்விளக்கத் திட்டத்தில் உள்ள என் நிலத்தை உழுதிடப் பிறப்பித்த ஆணையை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அக்டோபர் 4: உழாமலே விதைக்கும் தங்கள் அலுவலக இயந்திரம் வந்தது. முந்தைய நாள் நல்ல மழை. ஒரு பிடி மண்ணை உருட்டி ஓட்டுநரிடம் காட்டினேன். உதிராமல் களிம்பாகக் கையில் ஒட்டியது. ஐந்து நாள் பொறுக்கும்படி கேட்டேன். "நாளைக்கு வண்டி வேற இடத்துக்குப் போகுது சார். முளைக்கிறது முளைக்கும், விடுங்க" என்று சொல்லி விதைத்துவிட்டுப் போனார்.

2. அக்டோபர் 9: மண் காய்ந்தது. ஈரத்தில் இயந்திரம் அழுத்தி மெழுகிய விதைக்கோடுகள் வாய் பிளந்தன. நின்றபடியே உள்ளிருந்த விதைகளைப் பார்க்க முடிந்தது. மூன்று முறை தொலைபேசியில் அழைத்தேன். "ஐயா மீட்டிங்ல இருக்காங்க" என்ற பதில் மூன்று முறையும் தவறாமல் கிடைத்தது.

3. அக்டோபர் 17: தாங்கள் நேரில் ஆய்வு செய்ததாக அறிக்கை கூறுகிறது. வரப்போரம் வந்து நின்ற தங்கள் காரின் கதவு திறக்கப்படவில்லை. வரப்பில் நின்றது நான் ஒருவன்தான். அறிக்கையில் "உரிமையாளர் இல்லை" என்றிருக்கிறது.

4. அக்டோபர் 21: "உழாததால் மண் இறுகி முளைப்பு பொய்த்தது, 30ஆம் தேதி அலுவலக டிராக்டர் உழும்" என்ற ஆணை வந்தது.

இதற்கு மறுப்பு நிலத்திலேயே இருக்கிறது. இயந்திரம் திரும்ப முடியாத கிழக்கு மூலையில், மண் கையில் உதிரும் பதத்துக்கு வந்த 9ஆம் தேதியன்று, அதே விதையைக் குச்சியால் குத்தி ஊன்றினேன். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று முளைத்தது. இயந்திரம் ஓடிய இடத்தில் முப்பத்துநான்கு. இரண்டும் உழாத மண்தான்.

முளைகளை எண்ணுவது என் மனைவி, எழுதுவது நான் என்பது எங்கள் வழக்கம். அவள் இறந்தபின் இதுவே முதல் விதைப்பு. இரண்டையும் ஒருவனே செய்ததால் இருமுறை சரிபார்த்தேன். ஐயமிருப்பின், மூன்றாம் முறை எண்ண எவரேனும் வரலாம், வரவேற்கிறேன்.

நான்கு ஆண்டுகள் அறுவடைத் தட்டையைப் பரப்பி, மண்புழுத் துளைகளைக் கலைக்காமல் இருவருமாகச் சேர்த்த மண் இது. டிராக்டர் அதை ஒரே காலையில் புரட்டிவிடும். மறுபடி தொடங்க எனக்கு இன்னொரு நான்கு ஆண்டு கிடைக்கலாம். கூட நிற்க ஆள் கிடைக்காது.

எனவே ஆணையை ரத்து செய்து, முளைக்காத இடங்களில் நானே பதம் பார்த்து மறுவிதைப்புச் செய்ய அனுமதிக்குமாறும், அறிக்கையில் காரணத்தை "ஈர மண்ணில் விதைத்தது" எனத் திருத்துமாறும் கோருகிறேன்.

அக்டோபர் 28 மாலை ஐந்து மணிக்குள் எழுத்துமூலமான பதில் எனக்கு வந்து சேர வேண்டும். வாய்மொழிப் பதிலை ஏற்பதற்கில்லை. சொன்னதைக் கேட்டதாகச் சாட்சி சொல்ல இந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.

இடம்: கடைமடை நிலம்
நாள்: அக்டோபர் 23

(கையொப்பம்)
17ஆம் தேதி வரப்பில் நின்ற உரிமையாளர்