மாவில்லாத நூடுல்ஸ்

கிழக்குத் தாம்பரம்,
12.8.1991

அன்புள்ள அத்தானுக்கு,

ரத்னா எழுதுவது. பயப்படாமல் கடைசிவரை படியுங்கள். பியூலா இப்போது நன்றாக இருக்கிறாள். பக்கத்து அறையில் உட்கார்ந்து படம் வரைகிறாள்.

போன கடிதத்தில், மஸ்கட்டில் உங்களோடு வேலை செய்யும் லக்ஷ்மிநாராயணன் சார் சோறு, சப்பாத்தி எல்லாவற்றையும் விட்டுச் சர்க்கரை வியாதியை அடக்கிவிட்டார், பிள்ளைக்கும் அப்படியே செய் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் ஆசைதான். தினமும் காலையில் அந்தச் சின்னத் தொடையில் இன்சுலின் ஊசி குத்துகிறவள் நான். சோறு, மாவு எல்லாம் குறைத்தால் ஊசியும் ஒருநாள் நின்றுவிடாதா என்று நினைத்தேன்.

இதற்கு நடுவில் அவளுக்கு நூடுல்ஸ் வேண்டுமாம். வகுப்பில் எல்லாரும் கொண்டுவருகிறார்களாம், ஒரு வாரமாக ஒரே பேஜார். கடையில் விற்பது முழுக்க மைதா. சரி, நாமே செய்து பார்ப்போம் என்று இறங்கினேன். சுரைக்காயை நீளநீளமாகச் சீவி வேகவைத்தேன், குழைந்து தண்ணீராகிவிட்டது. கோஸை மெலிதாக அரிந்து வதக்கினேன். அம்மா, இது பேரு கோஸ் பொரியல் என்று தட்டைத் தள்ளிவிட்டாள் உங்கள் மகள். கடைசியில் முட்டையை அடித்து, தோசைக்கல்லில் மெலிதாக ஊற்றி, சுருட்டி, நூல் நூலாக நறுக்கினேன். கொஞ்சம் கேரட், குடைமிளகாய், மிளகுத்தூள். நீங்களே ஏமாந்திருப்பீர்கள் அத்தான், அவ்வளவு அசல்.

வியாழக்கிழமை டப்பா நிறைய அதைத்தான் வைத்தேன். சோறு ஒரு பருக்கை இல்லை. ஊசியை மட்டும் வழக்கம்போலப் போட்டு அனுப்பினேன்.

மத்தியானம் ஸ்கூல் ஆயா பேபியம்மா மூச்சிரைக்க ஓடிவந்தார். இன்னாம்மா நீ வூட்ல குந்திகினு கீற, உன் பொண்ணு வேர்த்து ஊத்திகினு கெடக்குது, கூப்ட்டா பேச மாட்டேங்குது என்றார். சர்க்கரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பெஞ்சில் கிடந்தாள். வெயில் மயக்கம் என்று எல்லாரும் விசிறிக்கொண்டிருந்தார்கள். கன்னத்துக்குள் சர்க்கரையை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். மெல்ல மெல்ல என்னை அடையாளம் தெரிந்து அம்மா என்றாள். அப்புறம் அவளைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

டாக்டர் திட்டித் தீர்த்துவிட்டார். உங்கள் நண்பர் வயதில் பெரியவர், மாத்திரை சாப்பிடுகிறவர். அவர் கதை வேறாம். நம் பிள்ளைக்குப் போடும் மருந்து சாப்பாட்டை நம்பிப் போடுவதாம். மாவுச்சத்து உள்ளே போகாவிட்டால் இரத்தத்தில் இருக்கிற சர்க்கரையையும் வழித்துவிடுமாம். அவரைக் கேட்காமல் சாப்பாட்டில் கை வைக்கவே கூடாதாம். இதில் உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் எழுதினீர்கள், நான் செய்தேன். இரண்டு பேருமே அவளுக்கு நல்லதைத்தான் நினைத்தோம்.

கோபம் வேறு விஷயத்தில். பெண் பிள்ளை, நாளைக்கு நாலு பேர் பெண் கேட்டு வருவார்கள், வியாதியை வெளியே சொல்லாதே என்றீர்கள். பள்ளியிலும் மறைத்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எங்கள் டீச்சர் ரூமில் டீக்கு வைத்திருக்கிற சர்க்கரையை அப்போதே வாயில் போட்டிருப்பேனே என்று அவள் வகுப்பு டீச்சர் அருள்மேரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பக்கத்து அறையில் சர்க்கரை இருந்தும் என் பிள்ளை சாகக் கிடந்தாள் அத்தான். அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. உங்கள் அக்காவிடமும் சொல்லத்தான் போகிறேன். திட்டுவதென்றால் திட்டுங்கள்.

நேற்றுத் தலை வாரும்போது, எனக்கு இந்த வியாதி வந்தது அப்பாவுக்கு வெட்கமா என்று பியூலா கேட்டாள். இல்லவே இல்லை என்றேன். திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நம்பவில்லை.

அவள் பெயருக்கே தனியாக ஒரு கடிதம் போடுங்கள். என் பேச்சைவிட உங்கள் கையெழுத்தை அவள் நம்புவாள்.

கர்த்தர் உங்களை அங்கே காக்கட்டும். நீங்கள் இல்லாத இடத்தில் எங்களையும் அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் அன்பு மனைவி,
ரத்தினபாய்