ஆறாம் தொட்டியில் ஊதாப் பூ

ஞாயிறு, மதியம்

அன்புள்ள என்னவருக்கு,

நலம் என்று தொடங்குவதுதான் முறை. உடம்புக்கு ஒன்றுமில்லை, அதை மட்டும் எழுதுகிறேன். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாளெல்லாம் லேத் முன்னால் நின்றுவிட்டு வந்து துணியும் துவைக்கிறீர்களாம், பெரிய அண்ணி சொன்னார். அவர் வீட்டில் இருக்கும்போது வீரம் எதற்கு? கொஞ்சம் உட்காருங்கள்.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். மூன்று நாளாகச் சொல்ல வாயெடுக்கிறேன். அதற்குள் நம் வாலு போனைப் பிடுங்கி, "அம்மா, இன்னும் முப்பத்தேழு நாள்தான்" என்கிறாள். நான் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறேன்.

விஷயம் இதுதான். நான் அடுத்த மாதம் வர முடியாது போலிருக்கிறது.

இரண்டரை வருடமாக நான் இங்கே செய்வதை உங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். இலை கருகி, கிழங்கு அழுகும் நோயைத் தாங்குகிற ஒரு பழைய உருளைக்கிழங்கு ரகம். அதன் மரபணு முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படித்து வரிசைப்படுத்த வேண்டும். நமக்கெல்லாம் அம்மாவிடமிருந்து ஒரு பிரதி, அப்பாவிடமிருந்து ஒரு பிரதி. உருளைக்கிழங்குக்கு எல்லாமே நான்கு. உங்கள் நான்கு அக்காக்களும் ஒரே நேரத்தில் பேசினால், எந்த வார்த்தை யாருடையது என்று பிரித்து எழுதுகிற வேலை அது. அதை முடித்துவிட்டேன் என்றுதான் போன மாதம் உங்களிடம் அவ்வளவு ஆட்டம் போட்டேன்.

கட்டுரையில் சேர்க்கச் செடியின் படம் ஒன்று தேவைப்பட்டது. மரபணு எடுக்க நாங்கள் இலையைப் பிஞ்சிலேயே பறித்துவிடுவதால் அந்தச் செடியைப் பூவோடு யாரும் பார்த்ததில்லை. நான் இலை பறித்த செடி ஆறாம் தொட்டியில் இருந்தது; அதில் விளைந்த கிழங்கைக் குளிர் அறையிலிருந்து எடுத்து நட்டோம். புதன்கிழமை காலையில் கண்ணாடிக் கூடத்துத் தோட்டக்காரர் என்னைக் கூப்பிட்டார். "அம்மா, இது வெள்ளையாதானே பூக்கணும்? ஊதாவா வந்திருக்கே" என்றார். போய்ப் பார்த்தேன். ஊதாதான்.

தவறு யாருடையது என்று தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் மண்ணில் எதுவும் உயிரோடு மிஞ்சாதபடி ஆவியில் வேகவைக்கும் இயந்திரம் பழுதாகிவிட்டது. சரிசெய்யப் பத்து நாள் ஆகும் என்றார்கள். பத்து நாள் முன்னால் முடித்தால் பத்து நாள் முன்னால் வீடு என்று கணக்குப் போட்டவள் நான். முந்தைய பருவத்துப் பழைய மண்ணையே சலித்துப் போட்டு நட்டுவிட்டேன். அதில் கோலிக்குண்டு அளவில் ஒரு கிழங்கு தப்பிக் கிடந்திருக்கிறது. நான் நட்டது அழுகிப்போக, அது முளைத்து என் பெயர்ப்பலகைக்குக் கீழே ஜம்மென்று வளர்ந்திருக்கிறது. நான் வரிசைப்படுத்தியதை முந்தைய பருவத்து ரகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அச்சு அசல் அதேதான். நோயைத் தாங்காத சந்தைக் கிழங்கு. பதறாத காரியம் சிதறாது என்று நீங்கள் நூறு தடவை சொல்லியிருப்பீர்கள்.

தோட்டக்காரர் நல்ல மனிதர். என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பூவைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டார். "நான் வாயத் திறக்க மாட்டேன். நீங்க புள்ளயப் பாக்கப் போங்கம்மா" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்களிடம் மறைக்க மாட்டேன், இரண்டு நாள் யாரிடமும் சொல்லவே இல்லை. பெட்டியைக்கூட எடுத்துத் துடைத்து வைத்தேன்.

ஆனால் நான் எழுதியதை நம்பி நாளை ஒருவர் புது ரகம் உருவாக்குவார். அதை நம்பி இன்னொருவர் நிலம் முழுக்க நடுவார். ஒரே மழையில் நோய் பிடித்து அத்தனையும் கருகிப் போகும். ஒரு நூல் பிசகினாலும் மொத்த உருப்படியையும் தூக்கிக் கழிவுத் தொட்டியில் போடுகிறவர் நீங்கள். உங்களோடு எட்டு வருடம் வாழ்ந்துவிட்டு நான் எப்படி வாயை மூடிக்கொண்டு இருப்பேன்?

வெள்ளிக்கிழமை எங்கள் தலைவரிடம் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே, "நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்னு ஒரு நிமிஷம் தோணிடுச்சு" என்றார். பிறகு எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். சரியான ரகத்துக் கிழங்கு இன்னும் குளிர் அறையில் இருக்கிறது. முதலிலிருந்து தொடங்கினால் பதினாறு மாதம். நான் கிளம்பினால் செய்ய வேறு ஆள் இல்லை, ஆராய்ச்சியை இத்தோடு மூடிவிடுவார்களாம். தங்குகிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

ரொம்பச் சோர்வாக இருக்கிறது. இன்று காலை தொட்டிகளைக் கழுவி அடுக்கினேன். கை தன்னால் வேலை செய்தது, மனசு அங்கே இல்லை. நான் வந்து இறங்கும்போது வாலுக்கு எட்டு வயது. முன்பல் விழுந்து முளைத்து முடிந்திருக்கும். அவளுக்கு யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பயணச்சீட்டை இன்னும் ரத்து செய்யவில்லை. செய்யப் போனேன், கை வரவில்லை. இதைப் படித்ததும் நீங்கள் போன் செய்வீர்கள். என்ன வேண்டுமானாலும் பேசுங்கள், திட்டுங்கள், நாலு நாள் பேசாமல்கூட இருங்கள். "வந்துடு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் ஒரே ஒருமுறை சொன்னாலும் நான் வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் அவசரக்குடுக்கை