கலா அக்காவின் பறவை விளையாட்டு, ஒரே ஃபைலில்

பறவை கத்தினால் பாதிப் பேச்சில் நின்றுவிடும் என் கலா அக்கா,

நீ கண்ணை மூடிய பிறகு உன் லேப்டாப் என்னிடம்தான் இருக்கிறது. திரையில் கோடு விழ ஆரம்பித்துவிட்டது. வேடந்தாங்கல் ஏரியில் பதிவு செய்த குரல்களை வைத்து ஒரு விளையாட்டு எழுதினாயே, குரலைக் கேட்டுப் பறவையைச் சொல்வது, அது இந்த ஒரு மெஷினில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

உன் வீட்டுக்காரர் விடவில்லை. ஏரியில் சவாரி ஆட்களை இறக்கிவிட்டு வேனோடு நேராக என்னிடம் வந்தார். "இன்னா மச்சான், அவ செஞ்சது பொட்டிக்குள்ளயே கெடக்கணுமா? நம்ம படிப்பகத்துல ஒரு கம்ப்யூட்டர் கீது. அதுல போட்டுக் குடு."

அதில் நெட் கிடையாது. நீ எழுதிய ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸும் கிடையாது. அதனால் உன் நிரலையும் நோட்.ஜேஎஸ்ஸையும் சேர்த்து ஒரே எக்ஸ்இ ஃபைலாகக் கட்டினேன். டபுள் கிளிக் செய்தால் போதும். நீ எழுதியது கொஞ்சம்தான், ஃபைல் ஊதிப்போய் வந்தது. முழு நோட்.ஜேஎஸ்ஸும் உள்ளே உட்கார்ந்திருக்கிறதே! பார்த்திருந்தால் திட்டியிருப்பாயா, சிரித்திருப்பாயா?

உன் லேப்டாப்பில் அருமையாக ஓடியது. படிப்பகத்தில் திரை வந்தது, சத்தம் வரவில்லை. மாமா ஸ்பீக்கரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். செங்கல்பட்டு திரும்பும் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. குரல்கள் ஃபைலுக்குள் போகவே இல்லை. உன் லேப்டாப்பில் பழைய ஃபோல்டரிலிருந்தே எடுத்துக்கொண்டு என்னை ஏமாற்றியிருக்கிறது.

அவற்றையும் உள்ளே வைக்க ஒவ்வொன்றாகக் கேட்டேன். கீச்சென்று நீளும் ஒரு குரல். சரியான விடை இருக்க வேண்டிய இடத்தில் "எனக்கும் தெரியல" என்று எழுதியிருக்கிறாய். விடை தெரியாமலேயே ஒரு கேள்வியா அக்கா?

அடுத்த ஞாயிறு படிப்பகத்தில் எல்லாக் குரலும் கேட்டது. அந்தக் குரல் வந்ததும் மாமா எழுந்துவிட்டார். "மச்சான், இது பறவையாடா? நம்ம வேன் பெல்ட்டு! காலைல வண்டி எடுத்தா இப்படித்தான் கத்திகினு கெடக்கும்!"

சிரித்தார். சிரித்துக்கொண்டே வெளியே போனவர் வேனில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

உனக்கு நிஜமாகவே தெரியாதா? இல்லை, என்றைக்காவது அவர் விளையாடிப் பார்ப்பார் என்று காத்திருந்தாயா?

விடையை மாற்றட்டுமா என்று கேட்டேன். "வாணாம்" என்றார். திருவிடந்தையிலிருந்து வந்த ஒரு டீச்சர் தன் பள்ளிக்கும் கேட்டிருக்கிறார். அங்கே கம்ப்யூட்டரில் லினக்ஸ், இந்த எக்ஸ்இ ஓடாது, தனியாகக் கட்ட வேண்டும். கட்டிக் கொடுக்கிறேன் அக்கா. நீ எழுதிய ஒரு எழுத்தையும் தொட மாட்டேன்.

உன் நிரலை இன்னும் படித்து முடிக்காத
தம்பி குமரன்